தொண்டை கட்டிய வாரம்

கிள்ளானிலிருந்து வந்த காலை கொமுட்டர் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்குத் தொண்டை கட்டினது நல்லதாப் போச்சுக்கா," என்றாள் இளையவள்.

"என்னடி சொல்ற?"

"என் டீமுல ஒவ்வொருத்தரையும் வாரா வாரம் தனியா கூப்பிட்டுப் பேசுவேன்ல? போன வாரம் மாலினி வந்தப்ப எனக்குச் சத்தமே வரல. தலைய மட்டும் ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். எப்பவும் நான்தான் பேசுவேன், அவ 'ஓகே'ன்னு எழுந்து போயிருவா. அன்னிக்கு அவளே வாயத் தொறந்து, 'வேலைய விடலாம்னு இருக்கேன்'னா."

"ஐயோ! ஏனாம்?"

"வீடு தூரத்துல, செமினியில. பிள்ளைய நர்சரியில விட்டுட்டு ஒன்பது மணிக்குள்ள ஓடி வர முடியலையாம். இத்தன நாளா சொல்லவே இல்லக்கா. நல்லா வேலை செய்யிற பொண்ணு லா."

"நீ என்ன செஞ்ச?"

"பாஸ்கிட்ட எழுதிக் காட்டி சம்மதம் வாங்கினேன். அப்புறம் அவள கூப்பிட்டு, கடிகாரத்தக் காட்டி, பத்து விரலையும் விரிச்சேன். பத்து மணிக்கு வான்னு. புரிஞ்சதும் சிரிச்சுட்டா."

மூத்தவளும் சிரித்தாள். "இப்பதான் குரல் வந்துருச்சே. இனிமே?"

இளையவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"வந்துருச்சுன்னு ஆபீசுல இன்னும் யாருக்கும் தெரியாதுக்கா."