சும்மா இருந்த நேயர்கள்

தையல் ஆலையின் இரைச்சலுக்குப் பழகிய காதுகளோடு, எங்கள் இரைச்சலையும் பொறுத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் அவைத் தலைவர் அம்மையார் அவர்களே! வேலை முடிந்த கையோடு வியர்வை உலருமுன் வந்து சேர்ந்திருக்கும் உழைப்பாளர்களே! இடுப்பில் பிள்ளையையும் நெஞ்சில் கவலையையும் சுமந்தபடி சுவரோரம் நிற்கும் தாய்மார்களே! முன்வரிசையில் முகத்தைச் சுளித்தபடியே வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே! இத்தனை காலம் காதாக மட்டும் இருந்து, இன்று முதன்முறையாக முகம் காட்டியிருக்கும் நேயர் பெருமக்களே! வானொலி நிலையத்தின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் காலத்தைக் கழித்தவன், உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

கைதட்ட வேண்டாம், அம்மா. தட்டவேண்டிய காலத்தில் தட்டாமல் விட்டுவிட்டோம். அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். நான் பேச்சாளன் அல்லன். மற்றவர்கள் பேசும்போது ஒலியைக் கூட்டியும் குறைத்தும் கொடுத்தவன். என் பேச்சு நீண்டால் பின்வரிசையிலிருந்து கையைக் கீழே இறக்கிக் காட்டுங்கள், குறைத்துக்கொள்கிறேன்.

நண்பர்களே! 'திசையெல்லாம் இசை' என்றொரு நிகழ்ச்சி பிற்பகல்தோறும் வந்ததே, நினைவிருக்கிறதா? பனி மூடிய தீவில் வலை இழுப்பவர்களின் பாட்டு வந்தது. பாலைமணலில் ஒட்டகம் ஓட்டுபவரின் பாட்டு வந்தது. சுரங்கத்துக்குள் இறங்கப்போகிறவர்கள் பயம் தெரியாமலிருக்கப் பாடிய பாட்டு வந்தது. என்ன மொழி? தெரியாது. என்ன பொருள்? தெரியாது. யார் பெற்ற பிள்ளை பாடியது? அதுவும் தெரியாது. ஆனாலும் கேட்டோம், கேட்டுக் கிறங்கினோம். நம்மைக் கேட்கவைத்தவர் ஒரு பெண்மணி. அலுவலகம் அவரை அறிவிப்பாளர் என்று அழைத்தது. நீங்கள் என்ன பெயர் வைத்தீர்கள்? ஆமாம், பின்னாலிருந்து சரியாகச் சொல்கிறார்கள். 'சும்மா அக்கா'. அவரேதான்.

அந்தப் பெயர் ஏன் வந்தது? ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அவர் ஒன்று சொல்வார். "பிடிச்சிருந்தா சும்மா இருங்க. பிடிக்கலைன்னா போன் பண்ணுங்க." பாட்டு முடிந்தால் அவரும் பேசமாட்டார். மூச்சை நன்றாக இழுத்து விடும் நேரம் வானொலியில் ஒன்றும் வராது. பாட்டு உள்ளே இறங்க இடம்விட வேண்டும் என்பது அவர் கட்சி. அந்த இடைவெளியில் என் விரல் பழக்கதோஷத்தில் விளம்பரப் பொத்தானை நோக்கி நகரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு முறைப்பு வரும். விரல் திரும்பிவிடும்.

பிடிக்காதவர்கள் போன் செய்தார்கள். சளைக்காமல் செய்தார்கள். அந்தக் குறைகளை அக்கா மறைக்கவில்லை, மறுநாள் நிகழ்ச்சியிலேயே ஒலிக்கவிட்டார். "என்னம்மா இது, ஆடு கத்துற மாதிரி இருக்கு" என்றார் ஒரு பெரியவர். "ஆமாங்கய்யா, அந்த மத்தளத்துல இருக்கிறது ஆட்டுத்தோல்தான். அதுக்கும் கொஞ்சம் பங்கு குடுங்க" என்றார் அக்கா. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், ஆனால் யாரும் முன்வரிசையை எட்டிப் பார்க்காதீர்கள். ஐயா கூச்சப்படுவார்.

சரி, பிடித்தவர்கள் என்ன செய்தார்கள்? அக்கா சொன்ன சொல்லைத் தட்டாமல் சும்மா இருந்தார்கள். ஒருவர்கூடப் போன் செய்யவில்லை. இப்படி ஒரு பேதை நேயர் கூட்டத்தை எந்த வானொலியும் கண்டிருக்காது.

பிறகு புது மேலாளர் வந்தார். எந்த நிகழ்ச்சி இருக்கலாம், எது போகலாம் என்று நேயர்களின் கருத்தைக் கொண்டு முடிவு செய்யப்போவதாகச் சொன்னார். நியாயமான பேச்சுத்தானே? ஒரு நாள் காலை, கூட்ட அறையில் அக்காவை நாற்காலியில் உட்காரவைத்துப் பதிவான தொலைபேசிக் கருத்துகளை ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். பொத்தானை அழுத்தியவன் நான். இரைச்சல் என்றது ஒரு குரல். தலைவலி என்றது இன்னொன்று. எங்கள் ஊர்ப் பாட்டுக்கு என்ன பஞ்சம் என்றது மற்றொன்று. குறை, குறை, குறையைத் தவிர வேறில்லை! அக்கா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்லதாக ஒன்றுகூட இல்லையா என்று மேலாளர் கேட்டார். என் வாய் சும்மா இருக்கவில்லை. "பிடிச்சவங்க சும்மா இருக்காங்க சார்" என்றேன். "அதைத்தான்யா நானும் சொல்றேன்" என்றார் அவர்.

சும்மா! என்ன சொல் ஐயா இது! வேலைவெட்டி இல்லாமல் கிடந்தாலும் சும்மா. காசு வாங்காமல் கொடுத்தாலும் சும்மா. ஏன் அழுகிறாய் என்று கேட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்வதும் சும்மா. மனம் நிறைந்து வாயடைத்து நின்றாலும் அதே சும்மா. அக்கா சொன்னது ஒரு சும்மா, மேலாளருக்குக் கேட்டது வேறொரு சும்மா. அந்த வாரத்தோடு நிகழ்ச்சி நின்றது.

நிகழ்ச்சி போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் கடைசி நாளன்று, காதிலிருந்த ஒலிக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, அக்கா என்னிடம் கேட்டார். "நிஜமாவே அந்தப் பக்கம் யாருமே இல்லையோ?" நம்மைச் சும்மா இருக்கச் சொன்னவருக்கே அந்த அமைதியின்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தப் பக்கம் இருந்தவர்களைத் தேடிப் புறப்பட்டேன். மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குப் போனேன். அங்கே இஸ்திரி போடும் பெண்கள் சொன்னார்கள்: பாட்டு முடிந்ததும் அத்தனை பேரும் இஸ்திரிப் பெட்டியைத் துணியிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்களாம். மேற்பார்வையாளர் கத்துவாராம். அக்கா அடுத்த வார்த்தை பேசிய பிறகுதான் பெட்டி கீழே இறங்குமாம். இதைவிட ஒரு கருத்து உண்டா? எந்தப் போனில் இது பதிவாகும்?

அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பிணவறைக்காரர் இருக்கிறார். பேச ஆள் கிடைக்காத வேலை அவருடையது. அவர் சொன்னதைக் கேளுங்கள். "பாட்டு முடிஞ்சதும் சுத்திமுத்திப் பார்ப்பேன். எல்லாரும் சும்மாதான் படுத்திருப்பாங்க. பரவாயில்லை, எல்லாருக்கும் பிடிச்சிருக்குன்னு நினைச்சுக்குவேன்." இதற்குச் சிரிப்பதா, அழுவதா? அன்றைக்கு நான் இரண்டையும் செய்தேன்.

நிகழ்ச்சி நின்ற மறுவாரமே நிலையத்து வாசலில் ஒருவர் வந்து சண்டைக்கு நின்றார். யார் தெரியுமா? இப்போது பார்க்கலாம், முன்வரிசையைப் பாருங்கள். இவரேதான்! ஏன் நிகழ்ச்சி வரவில்லை என்று கைத்தடியைத் தரையில் தட்டினார். உங்களுக்குத்தான் பிடிக்காதே ஐயா என்றேன். "பிடிக்கலைன்னு சொல்றதுக்குத்தானேப்பா கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றார். மனைவி காலமான பிறகு வீட்டில் தன்னை எதிர்த்துப் பேசுவதற்கு அந்தம்மா ஒருவர்தான் இருந்தார் என்றார். ஐயா, தலைகுனிய வேண்டாம். இங்கே இருப்பவர்களில் வாய் திறந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

இவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய் அக்காவின் முன் நிறுத்தலாம் என்றிருந்தேன். அதற்குள் தொண்டையில் புற்று என்று செய்தி வந்தது. கத்தி வைத்தார்கள். குரல் போயிற்று. மருத்துவர்கள் இப்போது கையை விரித்துவிட்டார்கள். படுக்கையருகே ஒருவருக்குமேல் விடுவதில்லை, அங்கே அவருடைய தங்கை இருக்கிறார். நான் ஒருமுறை கெஞ்சி உள்ளே போனேன். அக்காவின் உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன். வெறும் காற்றுத்தான் வந்தது, ஆனாலும் புரிந்தது. "ஒருத்தர்கூடவா இல்ல?"

இருக்கிறார்கள் அக்கா, நிறைய பேர் இருக்கிறார்கள் என்றேன். சலவைக்கூடத்தைச் சொன்னேன், இஸ்திரிப் பெட்டியைச் சொன்னேன். அவர் சிரித்தார். நோயாளியிடம் எல்லாரும் நல்ல வார்த்தை சொல்வார்களே, அதைக் கேட்டுக்கொள்ளும் சிரிப்பு. என்னை அவர் நம்பவில்லை. எனக்கு அழுகையாக வந்தது.

அன்பர்களே! அவருடைய குரல்தான் போயிருக்கிறது. காது போகவில்லை. இதோ, மேசைமேல் ஒலிப்பதிவுக் கருவியை வைத்திருக்கிறேன். சிவப்பு விளக்கு எரிகிறது. கூட்டம் முடிந்ததும் இது அவர் தங்கையின் கைக்குப் போகும், தங்கை அதை அக்காவின் காதருகே வைப்பார்.

இங்கே வரும்போது உங்களில் சிலர் என்னிடம் சொன்னீர்கள், அக்காவுக்காக எழுந்து நின்று மௌனம் காக்கலாம் என்று. நல்ல மனசு. ஆனால் இந்தத் தொழிலில் முடி நரைத்தவன் சொல்கிறேன், கேளுங்கள். நிறைந்த சபையின் மௌனத்தையும் ஆளில்லாத அறையின் மௌனத்தையும் பதிவு செய்து போட்டுக் காட்டினால், படுக்கையில் கிடப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். இருக்கிற சந்தேகம் உறுதியாகிவிடும். அந்தச் சந்தேகத்தோடு அவரை அனுப்பப் போகிறோமா? நாம் இருந்தோம் என்பது தெரியாமலே அவர் போகவேண்டுமா?

கூடாது! ஆகவே அவர் பேச்சை ஒரே ஒரு முறை மீறுங்கள். சலவைக்கூடத்துச் சகோதரிகளே, வாருங்கள். பிணவறை அண்ணே, எனக்குச் சொன்னதை அப்படியே சொல்லுங்கள், அவருக்குச் சிரிப்பு வரும். ஆனால் முதலில் பேசவேண்டியவர் தலைமையாசிரியர் ஐயா. ஐயா, பாராட்ட வேண்டாம். பாராட்டினால் அக்கா நம்பமாட்டார், நோயாளிக்குச் சொல்லும் ஆறுதல் என்று எடுத்துக்கொள்வார். வழக்கம்போலத் திட்டுங்கள். ஆடு கத்துகிறது என்று சொல்லுங்கள். உங்கள் குரல் அவருக்கு மனப்பாடம். அது கேட்டால், மற்றவர்கள் சொல்வதையும் நம்புவார்.

இதுவரை பொறுமையோடு கேட்ட அவைக்கும் தலைவருக்கும் நன்றி. இந்த இடத்தை விட்டுக்கொடுத்து விடைபெறுகிறேன், வணக்கம். ஐயா, பார்த்து ஏறுங்கள், படி உயரம். ஒலிவாங்கியைக் கொஞ்சம் இறக்கித் தருகிறேன். தாய்மார்களே, உங்களையும்தான். இன்றைக்கு ஒருநாள் யாரும் சும்மா இருக்காதீர்கள்.