நல்ல தண்ணீரில் கழுவிய படகு

எனக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தனியாகச் சாப்பிடப் பிடிக்காது. இதை ஒரு பெரிய குறை என்று நான் நினைக்கவில்லை. வாரம் முழுவதும் படகுப் பட்டறையில் மரத்தூளைத் தின்றுவிட்டு வருகிற மனுஷன், ஒரு நாளாவது பெண்டாட்டியை எதிரே உட்காரவைத்து, அவள் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்க, போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே தட்டை நீட்ட ஆசைப்படுவான். ஏன் செய்தாய் என்று கேட்டீர்களே ஐயா, அதற்குப் பதில் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அதனால்தான் சாப்பாட்டுக் கதை சொல்கிறேன்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். மின்விசிறிக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தே காலத்தை ஓட்டியவர். வேலையை விட்டதும் ஒரு பழைய படகை வாங்கினார், கூடவே ஒரு வெள்ளைத் தொப்பியையும் வாங்கினார், கேப்டன் ஆகிவிட்டார். படகுத்துறையில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். முதலில் கேலியாக, பிறகு பழகிப்போய். ஆள் நல்ல ஆகிருதி. அவர் ஏறினால் படகு ஒருபக்கம் குனிந்து வணக்கம் சொல்லும். என்னைப் பார்த்ததும் "என்ன மாப்ளே" என்று முதுகில் ஒன்று வைப்பார். நானோ ஒல்லி. அந்த அடிக்கு ஒருநாளும் நான் முகம் சுளித்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

படகுக்குத் 'தங்கச்சி' என்று பெயர் வைத்தார். எழுதியது நான்தான், என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என் தலையில் கட்டினார்கள். அப்புறம் என்ன, தங்கச்சி இல்லாமல் 'தங்கச்சி' எப்படிக் கடலுக்குப் போகும்? ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மச்சான் வாசலில் வந்து நிற்பார். அவளும் தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி கிளம்பிவிடுவாள். நான் கூடப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். படகு செய்கிறவன்தான், ஆனால் அலையில் இரண்டு ஆட்டம் ஆடினால் எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். இதை வைத்து மச்சான் அடித்த கேலி இருக்கிறதே, துறையில் நாய்க்குக்கூட மனப்பாடம்.

ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். "இந்த ஒரு வாரம் வீட்ல இரேன்."

"அண்ணன் பாவங்க. அண்ணி போனதுக்கப்புறம் அவருக்கு யாரு இருக்கா?" என்றாள். "சாப்பாடு மூடி வச்சிருக்கேன். சூடு பண்ணிக்கங்க."

அந்தப் பாவத்தில் எனக்கு ஒரு பிடிகூட மிஞ்சவில்லை. ரொம்ப வலித்தது ஐயா. ஆனால் நான் சண்டை போடுகிற சாதி இல்லை. தட்டைத் திறந்து சாப்பிட்டேன், கழுவியும் வைத்தேன்.

இப்போது மரத்துக்கு வருவோம். அந்தக் காலத்துப் படகுகளின் தளம் சோம்பேறித்தனமாகச் செய்தது. மேலே பைபர், கீழே ஒரு மெல்லிய பைபர், நடுவில் பலகை. ஒரு ஸ்குரூ ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் போதும், வெளியேற வழியில்லாமல் பலகை உள்ளேயே ஊறி இற்றுப்போகும். மேலே மட்டும் பளபளவென்று புதுமாப்பிள்ளை கணக்காக இருக்கும். காலை வைத்தால் லேசாக அமுங்கும், அவ்வளவுதான். கொட்டாப்புளியால், அதுதான் மரச்சுத்தியலால், தட்டினால் நல்ல இடம் டொக் என்று சொல்லும், கெட்ட இடம் தொப் என்று சொல்லும். 'தங்கச்சி'யின் முன்தளத்தில், கைப்பிடிக் கம்பி நட்டிருந்த ஓரமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தொப் இருந்தது. முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போது பார்த்து மச்சான் முதுகில் ஒன்று வைத்தார், சொல்ல வந்தது மறந்துவிட்டது.

கடல் தண்ணீர் மரத்தைக் கெடுக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உப்பு மரத்தை ஊறுகாய் மாதிரி காப்பாற்றும். கெடுப்பது நல்ல தண்ணீர்தான். மழைத்தண்ணீர், குழாய்த்தண்ணீர். இது பட்டறைக்காரனுக்குத் தெரியும், மின்விசிறிக் கடைக்காரருக்குத் தெரியாது. ஆகவே அவர்கள் கரை திரும்பிய பிறகு, ஞாயிறுதோறும் சாயங்காலம் நானே குழாயைப் பிடித்துப் படகைக் கழுவிக் கொடுத்தேன். அந்தக் கம்பியின் அடியில் தண்ணீர் இறங்காமல் அடைத்திருந்த பசையை முன்பே சுரண்டி எடுத்திருந்தேன், தண்ணீர் அங்கே கொஞ்சம் அதிக நேரம் நின்றது. "உப்பெல்லாம் போகணும்ல மச்சான்" என்பேன். அவருக்குக் கண் கலங்கிவிடும். "என் மாப்ளே மாதிரி யாருக்கு வாய்க்கும்" என்று துறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார். மனைவியும் என்னைப் பெருமையாகப் பார்ப்பாள். உண்மையைச் சொன்னால், அந்தச் சாயங்காலங்கள் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல சாயங்காலங்கள்.

மழைக்காலம் இரண்டு போனது. உள்ளங்கை அகலம் முறத்தின் அகலம் ஆனது.

இதற்கிடையில் படகுப் பரிசோதகர் வந்தார். கொட்டாப்புளியும் கையுமாகத் தளம் முழுக்க மண்டியிட்டுத் தட்டிக்கொண்டே வருகிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு கையிலும் தேநீரை வைத்துக்கொண்டு அந்தக் கெட்ட இடத்தின் மேலேயே நின்றுகொண்டேன். ஒல்லியாகப் பிறந்ததற்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே லாபம் அது. அவர் என் காலைச் சுற்றித் தட்டினார். "கொஞ்சம் தள்ளுங்க" என்றார். "சார், முதல்ல டீயைப் பிடிங்க, ஆறிடும்" என்றேன். டீயைக் குடித்தார், அவர் வீட்டுக் கதவு இறுகிக்கொள்வதைப் பற்றிப் பேசினோம், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். நல்ல மனுஷர். அவர் மேல் கேஸ் போடாதீர்கள்.

தளத்தின் அடியில் ஒரு குறுக்குச் சட்டம் இருக்கும், அதுதான் ஆளைத் தாங்குவது. அது மட்டும் இற்றுப்போக அடம் பிடித்தது. நல்ல மரம், யாரோ ரசித்துப் போட்டிருக்கிறார்கள். அதை ரம்பத்தால் முக்கால்வாசி அறுத்தேன். அறுத்த வாயைப் பட்டி வைத்து அடைத்து, மேலே சாயம் அடித்தேன். எனக்கு அதில் வருத்தம்தான். நல்ல மரத்தை அறுப்பது தொழிலுக்குச் செய்கிற துரோகம். கீழே நங்கூரம் வைக்கிற அறை, நங்கூரத்தின் கொம்பு மேல்பார்த்து இருக்கும். நான் அதைத் திருப்பி வைத்தேன் என்று நீங்கள் நினைத்தால், அது தப்பு. அது எப்போதும் அப்படித்தான் இருந்தது. நான் அதைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

மச்சான் எப்போதும் அந்த இடத்தில்தான் இடுப்பில் கைவைத்து நிற்பார், கடல் தன் பாட்டன் சொத்து என்பது போல. அவள் பின்பக்கம் இஞ்சின் பெட்டி மேல் உட்காருவாள். முன்னால் போனால் அவளுக்குத் தலை சுற்றும். இதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் சட்டத்தை அறுத்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போகவேண்டாம் என்று எனக்குப் பட்டது. அண்ணன் விழுவதை எதற்குப் பார்க்க வேண்டும்? ஆகையால் காய்ச்சல் என்று போர்த்திப் படுத்துக்கொண்டேன்.

நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். "சூடே இல்லையே" என்றாள்.

"உள் காய்ச்சல்."

சிரித்துவிட்டாள். "ஒரு மாத்திரை போட்டுக்கிட்டுத் தூங்குங்க. சீக்கிரம் வந்துடுறேன்."

வாசலில் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது. தளம் இற்றுப்போயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். கதவு சாத்திய பிறகு மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். அவள் சொன்னாளே என்று.

நடந்ததை மச்சான் சொல்லித்தான் நான் அறிந்தேன். கடல் அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருந்ததாம். "நீ நிக்கிற எடத்துல நானும் ஒரு தடவை நின்னு பாக்குறேண்ணா" என்றாளாம். இவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நிறுத்தி, தன் தொப்பியையும் கழற்றி அவள் தலையில் வைத்தாராம். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சிரித்தாளாம். அவள் எடைக்கு அந்தப் பலகை இன்னும் ஒரு வருஷம் தாங்கியிருக்க வேண்டும். என் கணிப்பு தப்பியது அந்த ஒரு இடத்தில்தான்.

அவள் காரியம் முடிந்ததிலிருந்து மச்சான் தினமும் வீட்டுக்கு வருகிறார். அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்து எதிரே உட்காருகிறார். ஒரு வாய்கூட இறங்குவதில்லை அவருக்கு. "மாப்ளே, நானே கையைப் புடிச்சுக் கொண்டுபோய் நிறுத்தினேனே" என்று என் காலைப் பிடித்து அழுதார். "விடுங்க மச்சான், எழுந்திரிங்க" என்றேன். என் பெருந்தன்மையைத் துறையே பேசுகிறது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் உங்கள் அறிக்கையை மச்சான் கொண்டுவந்து காட்டினார். பராமரிப்பு இல்லாததால் தளம் தானாக இற்றுப்போனது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்குத் தாங்கவில்லை. ஐயா, அந்தப் படகைப் பராமரித்தவன் நான். அந்தத் துறையில் அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்ட படகு வேறு கிடையாது. எந்தத் தளமும் தானாக அவ்வளவு ஒழுங்காக இற்றுப்போகாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

படகைக் கெடுத்தது நான், சட்டத்தை அறுத்தது நான், மச்சானைக் கொல்ல நினைத்தது நான். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இந்த வாக்குமூலத்தில், தெரிந்தே அவளை அனுப்பினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். போகாதே என்று சொல்லத்தானே நான் படுத்திருந்தேன்.