விடுபட்ட ஒரு வரி

கணினியைப் புதுப்பிக்கும்போது பாதியில் எழுந்து போகக் கூடாது என்பது என் அண்ணன் வஜ்தி சொன்ன பாடம். நான் எழுந்து போகவில்லை. அடுப்பில் சோர்பா சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அதைக்கூட இறக்கி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

அது அவனுடைய பழைய மடிக்கணினி; இணையக் கம்பி மாட்டும் துளை உடைந்தது, வைஃபை மட்டும்தான். துனீசியாவில் எங்கள் ஊரான காபெஸிலிருந்து பிரான்சின் லியோனுக்குப் போகும்போது அம்மாவின் கட்டிலருகே வைத்துவிட்டுப் போனான். லினக்ஸ் போட்டது அவன். மாதம் ஒருமுறை புதுப்பிக்கச் சொன்னதும் அவன். புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்துகள் அம்மாவின் காதைக் கொண்டுபோய்விட்டன. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பாள். அதனால் அவளுக்குத் தொலைபேசி பயன்படாது. பெரிய திரையில் முகம் வேண்டும். வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் முகம் வரும். அம்மா அன்று மட்டும் தலைத்துணியை மாற்றிவிடச் சொல்லிக் கேட்பாள்.

தொடுதிரை அலைபேசி எங்கள் வீட்டில் கிடையாது. எனக்குப் பதினாறு வயதில் இருந்தது. வகுப்பில் படித்த ஒருவன் இயற்பியல் கணக்கு கேட்டு அனுப்பிய செய்தியை அண்ணன் பார்த்தான். அலைபேசியை முற்றத்துச் சுவரில் அடித்து உடைத்தான். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் இல்லை. “வீட்டுல அம்மாவுக்கு ஒரு ஆள் வேணும்” என்றான். பிறகு அவன் பிரான்சுக்குப் போய்விட்டான். சட்டம் மட்டும் வீட்டில் தங்கியது: தொர்சாஃபுக்கு, அதாவது எனக்கு, பொத்தான் போன் போதும்.

புதுப்பித்து முடிந்து கணினி திரும்ப எழுந்தபோது வைஃபை இல்லை. பெயர்ப் பட்டியலே வரவில்லை. பொத்தான் போனில் அண்ணனைக் கூப்பிட்டேன்.

“கெர்னல், அதான் லினக்ஸோட மையம், மாறியிருக்கு. பழைய கெர்னல் இருக்கா பாரு.”

“இடம் பத்தலைன்னு நீதான போன மாசம் அழிக்கச் சொன்ன.”

“சரி சரி. நான் சொல்றதை டைப் பண்ணு. வர்றதை மேலேர்ந்து வாசி. ஒவ்வொரு வரியா. சந்தைக்கு ஆட்டை ஓட்டற மாதிரி ஓட்டாத.”

வாசித்தேன். ஆங்கில எழுத்துகள் என் நாக்கில் தடுக்கின. அவன் பெருமூச்சு விடுவது கேட்டது.

“ஒரு வார்த்தைக்கு ஒரு மணி நேரமா? பத்தாவதோட நின்னவகிட்ட வேற என்னத்த எதிர்பார்க்கறது.”

யாரோடோ சிரித்துக்கொண்டுதான் அதைச் சொன்னான். பின்னால் தட்டுகள் ஓசையிட்டன.

அடுத்த வரியில் என் விரல் இருந்தது. வைஃபை அட்டைக்கான ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்று கணினி அதில் தெளிவாகவே சொல்லியிருந்தது. அதை வாசிக்காமல் தாண்டி அதற்கடுத்த வரியை வாசித்தேன். இந்தமுறை நாக்கு தடுக்கவில்லை.

மறுநாள் கடைத்தெருவில் பப்ளிநெட் என்கிற இணைய மையத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேடினேன். வயர்லெஸ் அட்டையை ஓட்டும் டிரைவர் கெர்னலோடு சேர்ந்து புதிதாகிவிட்டது. அட்டைக்குள் ஏற வேண்டிய ஃபர்ம்வேர் மட்டும் பழையது. என்றோ வந்த ஒரு கோளாறுக்காக அண்ணனே அதைப் புதுப்பிக்கவிடாமல் பூட்டி வைத்து, மறந்தும் போயிருந்தான். புது டிரைவர் புதியதைக் கேட்டது, கிடைக்கவில்லை, வாயை மூடிக்கொண்டது. சரியான கோப்பைப் பென்டிரைவில் இறக்கி வந்தேன். அதை என் மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அங்கேயே இருந்தது.

அண்ணன் தினமும் கூப்பிட்டான். மின்சேமிப்பை அணைக்கச் சொன்னான், அணைத்தேன். ரவுட்டரை அணைத்து எழுப்பச் சொன்னான், எழுப்பினேன். டிரைவரைக் கழற்றி மாட்டச் சொன்னான், கழற்றி மாட்டினேன். சொன்ன எதையும் நான் செய்யாமல் விட்டதில்லை. பிரான்சில் தங்கும் அனுமதித் தாள் புதுப்பிப்பில் இருந்ததால் அவனால் நாட்டை விட்டுக் கிளம்ப முடியவில்லை. அம்மாவோ நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டிருந்தாள். இனி மருந்து வலிக்கு மட்டும்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“தொர்சாஃப், என் தங்கமே,” என்றான் ஒரு நாள். அப்படி அவன் என்னைக் கூப்பிட்டதே இல்லை. “ஒரே ஒரு தடவை அம்மா முகத்தைப் பார்த்தாப் போதும்.”

“நானும் முயற்சி பண்ணிட்டுத்தான் இருக்கேண்ணா.”

பக்கத்து வீட்டு மப்ரூக்கா காலா, எங்களுக்குச் சித்தி மாதிரி, கதவைத் தட்டினாள். கையில் மகனின் அலைபேசி.

“உங்க அண்ணன் எனக்குப் போன் போட்டு அழறான்டி. இந்தா, இதுல காட்டு.”

“இப்பத்தான் தூங்கினாங்க காலா. எழுப்பினா வலி வந்துடும்.”

“நான் உட்கார்ந்திருக்கேனே.”

“உங்க வீட்டுல அடுப்பு எரியுதே, தீஞ்ச வாசனை வருது.”

அவள் அலறிக்கொண்டு ஓடினாள். அவள் அடுப்பில் எதுவும் தீயவில்லை. திரும்பி வந்தபோது கதவைத் தாழிட்டிருந்தேன். நோயாளிக்கு அமைதி வேண்டும்.

அம்மா தூங்கியிருக்கவில்லை. இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவனுக்கு நேரமில்லையா?” என்று கேட்டாள். செவிடானவர்களின் குரல், அளவு தெரியாமல் ஓங்கி வந்தது.

உதடுகள் சரியாகத் தெரியும்படி அவள் முகத்துக்கு நேரே குனிந்தேன். மெதுவாகச் சொன்னேன்.

“அவன் கூப்பிடவே இல்லம்மா.”

அவள் தலையை ஆட்டினாள். கைக்குட்டையை நனைத்து அவள் உதட்டை ஒற்றினேன். அன்று மாலைத் தொழுகைக்கு முன்னால் அம்மா போய்விட்டாள்.

மூன்றாம் நாள் சடங்கன்று வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கோப்பை அதன் இடத்தில் வைத்து, கணினியை அணைத்து எழுப்பினேன். வைஃபை உடனே வந்தது. அம்மா போனதை அன்றே போனில் சொல்லியிருந்த அண்ணனை இப்போது திரையில் அழைத்தேன். அவன் முகத்தில் தாடி வளர்ந்திருந்தது.

“வந்துடுச்சா? என்ன பண்ணின?”

“ஃபர்ம்வேர் பழசா இருந்துச்சு. மாத்தினேன்.”

“எப்போ தெரிஞ்சுது உனக்கு?”

“முதல் நாளே.”

கணினியைத் திருப்பி, துணி உருவிய கட்டிலைக் காட்டினேன். படம் ஒரு தடவைகூட உறையவில்லை. அவன் எழுப்பிய ஓசையும் விட்டுவிட்டு வராமல் சீராக வந்தது. பந்தியில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். அவனுக்காகத்தான் இவ்வளவும் செய்தேன். அதை நான் மறைக்கவில்லை.

ஆனால் அம்மாவையும் தண்டித்துவிட்டேன் என்று மப்ரூக்கா காலா தெருவில் சொல்லித் திரிகிறாள். அது அநியாயம். ஒரு புண்கூட வராமல் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்தேன். கஞ்சி ஆறியதே இல்லை. கடைசி நாட்களில் அவள் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அது அண்ணனிடம் இருந்தது, என்னிடம் இல்லை.