மாசானத்துக்கு வந்த கஞ்சி

முருங்கைக்கீரை உருவிக்கிட்டே சொல்றேன். கை ஓடுனாத்தான் எனக்கு வாயும் ஓடும். இந்த இல்லத்துல இருபத்தாறு வயசாளிங்க, அத்தனை பேருக்கும் கீரைன்னா முடிய நேரமாகும். இந்த இடத்துக்கு இருக்கேன்விளைன்னு பேரைச் சொன்னாலே வெளியூர்க்காரங்க சிரிக்கிறாங்க. சிரிக்கிற கதை இல்ல அது. எங்க வீட்டுக்காரர் வழியில வந்த கதை. மாமியா சொன்னபடிக்கே சொல்றேன்.

ரோடும் ரயிலும் வராத காலமாம். தேரின்னு சொல்ற செம்மணல் மேட்டோரத்துல ஒரு ஊராம். ஊர்னா பனைதான், பனைன்னா ஊர்தான். ஆம்பளைங்க பனை ஏறுவாங்களாம், பொம்பளைங்க ஓலை முடைவாங்களாம். பாய் முடைவாங்க, பொட்டி முடைவாங்க, கைக்கு அடக்கமா கொட்டான்னு சின்னக் கூடை முடைவாங்க. அந்தக் கொட்டானோட வாயை மடக்கி முடிக்கிறதுல வீட்டுக்கு ஒரு தினுசு உண்டாம். ஒரு வீட்டுல சடை மாதிரி, ஒரு வீட்டுல எறும்பு வரிசை மாதிரி, ஒரு வீட்டுல இடதுபக்க மடக்கு. கட்டிக்கிட்டு வந்த பொண்ணு பொறந்த வீட்டு மடக்கை மறக்கணும், மாமியா வீட்டு மடக்கைப் படிக்கணும். சந்தையில தொலைஞ்ச கொட்டான்கூட வாயைப் பாத்தாலே வீடு வந்து சேந்துருமாம்.

அந்த ஊர்ல சிவனணைஞ்சான்னு ஒருத்தி இருந்தாளாம். அவ வீட்டுது இடதுபக்க மடக்கு. புருசன் பனையிலருந்து விழுந்து போய்ட்டான். ஒரே மகன், வெட்டும்பெருமாள்னு பேரு. மருமகளுக்கு நிறைமாசம். பேரப்பிள்ளையைக் கையில வாங்கி, தலைக்குத் தண்ணி ஊத்தணும். அது ஒண்ணுதான் அவளுக்கு நினைப்பு.

அப்பதான் ஊருக்குள்ள பேதி வந்துச்சாம். காலையில வாந்தி எடுத்தா பொழுது சாயறதுக்குள்ள ஆள் இல்ல. ஊர் கூடிப் பேசிச்சாம். நோய் கண்டவங்களைத் தேரிக்குள்ள கொட்டகை போட்டு வச்சிருவோம்னாங்க. சரி, யாரு பாத்துக்கிடுறது? இளவட்டம் போனா நாளைக்குப் பனை ஏற யாரு? வயசானவங்க போகட்டும், வாழ்ந்து பாத்தவங்கதானேன்னு முடிவாச்சாம். பதினொரு பேரை அனுப்புனாங்க. அதுல சிவனணைஞ்சாவும் ஒருத்தி. நோய் நின்னதும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்னு மகன் சொல்லி அனுப்புனானாம்.

தேரிக்கும் ஊருக்கும் நடுவுல ஒரு எல்லைக்கல். ஊர்க்காரங்க வீட்டுக்கு வீடு தங்க ஆளுக்குன்னு கஞ்சிக்கலயத்தை அந்தக் கல்லுல வச்சிட்டுப் போயிருவாங்க. கல்லைத் தாண்டி அவங்க வரக்கூடாது, இவங்க போகக்கூடாது. செத்தவங்களுக்கு ஒப்பாரியும் கூடாது. அழுகைச் சத்தம் கேட்டா நோய் அடுத்த வீட்டைத் தேடி வரும்னு பயம். அப்புறம் சாவு எப்படித் தெரியும்? கொட்டான்தான். ஆள் போனா, அவங்க வீட்டு மடக்குல ஒரு கொட்டான் முடைஞ்சு, புதைச்ச இடத்து மண்ணை ஒரு பிடி போட்டுக் கல்லுல வைப்பாங்க. எந்த வீட்டு வாயோ அந்த வீட்டுக்காரங்க எடுத்துட்டுப் போய்க் காரியம் பண்ணுவாங்க. பதினொரு பேருல எல்லா வீட்டு மடக்கும் தெரிஞ்சவ சிவனணைஞ்சா ஒருத்திதான். அதனால அந்த வேலை அவ தலையில விழுந்துச்சு. முடைஞ்சா, முடைஞ்சா, முடைஞ்சுக்கிட்டே இருந்தாளாம்.

ஒரு நாள் மாசானம்னு ஒருத்தன் செத்தான். அவன் வீட்டுது எறும்பு வரிசை. ரெண்டு நாளா கண்ணு மூடாம அவன் பக்கத்துல இருந்தவ, விடிஞ்சதும் ஓலையை எடுத்து முடைஞ்சு, மண்ணைப் போட்டுக் கல்லுல வச்சிட்டு வந்து விழுந்தாளாம்.

மறுநாள் அவ வீட்டுக் கலயம் வரல. மருமக பிள்ளை பெத்திருப்பா, அந்த அலைச்சல்ல மறந்திருப்பாங்கன்னு நினைச்சாளாம். அடுத்த நாளும் வரல. பொறந்தது ஆம்பளையா பொட்டையான்னு அவ யோசனை. கூட இருந்தவங்க ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தாங்க. மூணாம் நாள் கலயங்களை எடுத்துட்டு வந்தது கூட இருந்த சொள்ளமுத்துக் கிழவன். அவனுக்கு எப்பவும் குசும்பு.

"ஏளா சிவனணைஞ்சா, இன்னிக்கும் உன் கலயத்தைக் காணல. மாசானத்துக்கு மட்டும் நாள் தவறாம வருது. செத்தும் அவன் வாய் குறையல பாரேன்" அப்படின்னானாம்.

கேட்டதும் அவ விரல் தானா அசைஞ்சுச்சாம். வெறுங்காத்துல ஓலையை மடக்குற மாதிரி மடக்கிப் பாத்தாளாம். மடக்கு இடதுபக்கம் போச்சாம். மறுபடி மடக்குனா, மறுபடியும் இடதுபக்கம். நாப்பது வருசப் பழக்கம். கண்ணு சொக்குன நேரத்துல மாசானத்துக்கு முடையுறதா நினைச்சுத் தன் வீட்டு வாயைக் கட்டிட்டா. தன் சாவைத் தானே முடைஞ்சு அனுப்பிட்டா.

சொள்ளமுத்து எல்லைக்கல் வரைக்கும் போய்க் கத்தி, வெட்டும்பெருமாளை வரச் சொன்னானாம். மகன் வந்து கல்லுக்கு அந்தப் பக்கம் நின்னான். தலை மொட்டை. இவ இந்தப் பக்கம். நடுவுல பத்தடி மணல்.

"ஏலே, நான் சாவல. கை தப்பிருச்சு."

"தெரியுதும்மா. ஆனா உனக்குத் தண்ணி ஊத்தியாச்சு."

"ஊத்துன தண்ணி காஞ்சிரும்லா?"

அவன் காலால மணலைக் கீறிக்கிட்டு நின்னானாம். காரியம் பண்ணி அனுப்புனவங்க வாசல் ஏறுனா, சாவு பதிலுக்கு ஒரு உசுரைக் கேக்கும்னு ஊர்ல சொல்றாங்களாம். பொண்டாட்டி பச்சைப் பிள்ளையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு, அவங்க வந்தா நான் கிணத்துல விழுவேங்கறாளாம். இதையெல்லாம் மென்னு மென்னு சொன்னானாம்.

"பிள்ளை என்ன பிள்ளைடா?"

"பொட்டப்பிள்ளை. உம்பேருதான் வச்சிருக்கு."

செத்தவங்க பேரைத்தானே வைக்கிறது. அவ காலு கல்லுக்கு மேல தூக்குனபடியே நின்னுச்சாம். தாண்டுனா யாரும் பிடிச்சுத் தள்ளப் போறதில்ல. அவளைத் தொடவே பயந்த ஊரு. ஆனா அந்தப் பக்கம் பச்சைப் பிள்ளை கிடக்கு. இவ மேலயோ பேதிக்காரங்க வாடை. தூக்குன காலை இந்தப் பக்கமே வச்சாளாம்.

"அப்போ எனக்குக் கஞ்சி?"

அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னானாம். "மாசானத்துக்கு வருதுல்லம்மா. அதைக் குடிச்சுக்கோ. அவன் செத்தது ஊருக்குத் தெரியாது. நானும் சொல்ல மாட்டேன்."

சொல்லிட்டுப் போய்ட்டான். திரும்பிப் பாக்கலயாம்.

சாயங்காலம் வரைக்கும் மாசானத்தோட கலயத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாளாம். வயிறு எரியுது. குடிச்சா உசுரு நிக்கும். பேசாம இருந்தாப் போதும், தினமும் வரும். ஆனா மாசானம் பொண்டாட்டி சந்தனமாரி, புருசன் தேறிட்டு வரான்னு அங்க உப்புப் போட்டு, வத்தல் வறுத்துக் கலயம் கட்டுறா. பொட்டை அழிக்காம, பூவை எடுக்காம வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கா.

சிவனணைஞ்சா கலயத்தைத் தொடல. ஓலையை எடுத்தா. இந்தத் தடவை ஒவ்வொரு மடக்கையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி மடக்குனாளாம். எறும்பு வரிசை, பிசகாம. மண்ணைப் போட்டா. விடிஞ்சதும் கொண்டுபோய்க் கல்லுல வச்சிட்டுத் தள்ளி நின்னா. கஞ்சியோட வந்த சந்தனமாரி கொட்டானோட வாயைப் பாத்தாளாம். கலயம் கைநழுவி மணல்ல கொட்டிச்சாம். அழக்கூடாதே, முந்தானையை வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டுப் போனாளாம்.

அன்னியிலருந்து ரெண்டு வீட்டுக் கஞ்சியும் இல்ல. கொட்டகைக்காரங்கதான் ஆளுக்கொரு வாய் எடுத்து அவளுக்கு ஒரு பங்கு ஆக்குனாங்களாம். ஆனா பேர் சொல்லிக் கூப்பிட முடியல. அந்தப் பேரு இப்போ ஒரு பச்சைப் பிள்ளையோடது. இந்தப் பங்கு யாருக்குன்னு சொள்ளமுத்து கேட்டானாம்.

"இருக்கேன்" அப்படின்னாளாம்.

அதுவே அவளுக்குப் பேராப் போச்சு. மழை விழுந்து நோய் அடங்குச்சு. மிச்சம் இருந்த கிழங்களை அவங்கவங்க வீட்டுல வந்து கூட்டிட்டுப் போனாங்க. இவ அங்கேயே கிடந்தா. ஒரு வருசம் கழிச்சு சந்தனமாரி துணிமூட்டையோட வந்தாளாம். "செத்தவனுக்குச் சமைக்க விடாம காப்பாத்துனவ நீ ஒருத்திதான், உங்கூட இருந்துக்கிடுதேன்" அப்படின்னாளாம். பிறகு யாருமில்லாதவங்க ஒவ்வொருத்தரா வந்து சேந்தாங்க. அந்தக் கொட்டகைதான் இன்னிக்கு இந்த இல்லம், அவ பேராலதான் இருக்கேன்விளை.

பேத்தி வளந்து, ஓலை பொறுக்கத் தேரிக்கு வருவாளாம். இது உன் ஆச்சின்னு யாரும் சொல்லல. கூட வந்த பிள்ளைங்க "சிவனணைஞ்சா"ன்னு கூப்பிட்டா, அவளும் திரும்புவாளாம், கிழவியும் திரும்புவாளாம். திரும்பிட்டுக் கிழவி மறுபடி ஓலையில குனிஞ்சிருவாளாம். அந்தப் பேத்தி வழியில வந்தவதான் எங்க மாமியா.

அதனாலதான் இங்க கஞ்சி ஊத்துறதுக்கு முன்னால ஒவ்வொருத்தர் பேரையும் கூப்பிடுறது. இருக்கேன்னு அவங்க வாயால சொல்லணும், அப்புறந்தான் கரண்டி சாயும். கொட்டான் முடையுறப்பவும் அப்படித்தான். உசுரோட இருக்கிற வரைக்கும் தன் கொட்டானோட வாயைத் தானே மடக்கக்கூடாது, பக்கத்துல இருக்கிறவங்கதான் மடக்கணும். அந்தக் கிழவி போனப்போ சந்தனமாரிதான் மடக்குனாளாம். மகனுக்கு ஆள் அனுப்புனாங்களாம். ஏற்கெனவே பண்ணியாச்சேன்னு சொல்லி அனுப்பிட்டானாம். அப்போ அந்தக் கொட்டானை யாரு எடுத்துக்கிட்டாங்கன்னு கேட்டா, எங்க மாமியா சொல்லுவாங்க, எல்லைக்கல்லுல மூணு நாள் அது அப்படியே இருந்துச்சாம், நாலாம் நாள் காலையில ஒரு சின்னப் பொண்ணு வந்து... இந்தா வந்துட்டேன்க்கா, உலை கொதிச்சா அரிசியைப் போட்டுருங்க, கீரை இன்னும் ஒரு கைப்பிடிதான்