கறுப்புக் கொட்டையும் தூங்குமூஞ்சி வேலைக்காரனும்

ஹலோ… ஆமா மச்சான், ஜெனேசியோதான். உன் தங்கச்சியக் கட்டிக்கிட்ட அதே பாவிதான். உனக்குத்தான் போன் போடலாம்னு எடுத்தேன், அதுக்குள்ள நீயே… என்னது? … கறுப்புக் கொட்டையா? … கறுப்பு பொறுக்குற நம்ம மெஷின்ல ஓட்டி எடுத்த காப்பியிலயா? … ஒண்ணா? … மூணா! … ஐயோ.

இரு, இரு, கத்தாத… சரி, கத்து. உனக்கில்லாத உரிமையா.

… கத்தி முடிச்சியா? முதல்ல ஒண்ணு சொல்லு. காப்பிப் போட்டிக்குக் கட்டி வெச்ச பை எங்க? … வாசல் பெஞ்சுலயா? … பாத்தியா? … பாத்துட்டுத்தான் களத்துக்கு வந்து போன் பண்றியா? அப்பாடா! அப்ப ஒண்ணும் குடி முழுகிப் போகல. சங்கத்துல அஞ்சு மணி வரைக்கும் வாங்குவாங்க. பையப் பிரிச்சு மேசையில கொட்டு, கையால பொறுக்கு, அப்புறம் அனுப்பு.

தெரியும் மச்சான்… தெரியும், தெரியும். ஒரு கறுப்பு இருந்தாலும் வாயிலகூட வெக்காம தள்ளிடுவாங்க… ஆமா, பனி அடிச்சதுல மிஞ்சினது அந்த மேட்டுக் காப்பி ஒண்ணுதான்… மறக்கல மச்சான். இதுவும் போச்சுன்னா மேட்ட வித்துட்டு டவுனுக்கு வந்து எங்க கம்பெனி வாசல்ல காவலுக்கு நிப்பேன்னு சொன்ன. வேணாம் சாமி. தினமும் காலையில உன் மூஞ்சியில முழிக்க என்னால ஆகாது.

… டிங்குன்னு ஒரு சத்தம் கேக்குதா? இன்னொரு கால் வருது… மார்லூசிதான். விடு. ரொட்டி வாங்கட்டுமான்னு கேப்பா. உன் தங்கச்சியத்தான் உனக்குத் தெரியுமே. அடுப்ப அணைக்கக்கூட ‘அணைக்கட்டுமா’ன்னு கேட்டுட்டுத்தான் அணைப்பா. கல்யாணமான நாள்லேர்ந்து எனக்கு அதே பொழப்பு. நீ சொல்லு.

… எப்படி விட்டுச்சா? இன்னிக்குத்தான் பிடிச்சேன், கேளு. கொட்டை விழுது. கேமரா பாக்குது. கறுப்பா இருந்தா மணி அடிக்கும். இன்டரப்ட்னு பேரு. என் ப்ரோகிராமுக்குள்ள ரெண்டு ஆளுன்னு வெச்சுக்க. மணிக்காரன் பெரிய மனுசன், வேற ஒரு வேலையும் தொட மாட்டான். பலகையில ‘வேலை வந்திருக்கு’ன்னு எழுதிட்டு, உள்ள தூங்குற வேலைக்காரன எழுப்பி விடுவான். காத்த ஊதி கொட்டைய வெளிய தள்ளுறது அந்த வேலைக்காரன்தான்… ஆமா, நம்ம முனிசிபாலிட்டி மாதிரியேதான்.

வேலைக்காரன் ஒரு கொட்டையத் தள்ளிட்டு பலகையப் பாப்பான். ஒண்ணும் இல்லைன்னா படுத்துடுவான். பாக்குறதுக்கும் படுக்குறதுக்கும் நடுவுல கண் சிமிட்டுற நேரம். சரியா அப்ப மணி அடிச்சா? மணிக்காரன் எட்டிப் பாக்குறான். ஆளுதான் முழிச்சிருக்கானே, எதுக்கு எழுப்பணும்னு எழுதி மட்டும் வெச்சுட்டுப் போயிடுறான். இவனோ ‘இப்பத்தானே பாத்தேன், ஒண்ணும் இல்லையே’ன்னு படுத்துடுறான். கொட்டை மாப்பிள்ளை மாதிரி நல்ல காப்பிக்கு நடுவுல போய் உக்காந்துக்குது… யார் தப்பா? அவன் அவன் வேலைய ஒழுங்காத்தான் செஞ்சான். ரெண்டு பேரையும் படைச்ச கடவுள் நான்தான். அங்கதான் தப்பு.

… பழைய மெஷின் விடலையே, இது மட்டும் ஏனா? … அதையும் சொல்லணுமா? … சொல்றேன். செலவ மிச்சம் பிடிக்க, ஒரு கம்ப்யூட்டருக்குள்ள மூணு பொய்க் கம்ப்யூட்டர் வெச்சோம். ஒரே வீட்ட மூணு குடித்தனத்துக்கு விட்ட கதை. மேல ஒரு வீட்டுக்காரன் இருக்கான். ‘நீ கொஞ்சம் அசையாம நில்லு, அவன் குளிச்சுட்டு வரட்டும்’னு ஒவ்வொருத்தனையா நிறுத்தி வெப்பான். நம்ம வேலைக்காரனப் பாக்குறதுக்கும் படுக்குறதுக்கும் நடுவுல நிறுத்திட்டான்னு வெச்சுக்க, கண் சிமிட்டுற நேரம் ஒரு கொட்டை போற அளவுக்கு நீண்டு போச்சு… யார் யோசனையா? … என்னோடதுதான். மேடையில ஏத்திக் கைதட்டினாங்க மச்சான். சீஸ் போட்ட பாவ் தெ கேஜு பன்னு சூடா குடுத்தாங்க. நாலு தின்னேன்.

… இவ வேற, மறுபடியும் டிங் டிங்னு. விடு, விடு.

… நீ வந்து பாத்தப்ப ஒழுங்காத்தான ஓடுச்சுங்கிறியா? அங்கதான் என் மூளையே இருக்கு! வேவு பாக்குறதுக்காக அந்த வேலைக்காரன ஒவ்வொரு தடவையும் ஒரு வரி எழுத வெச்சிருந்தேன். ‘வந்துட்டேன் முதலாளி’ன்னு. அவன் எழுதிட்டிருக்கும்போதே அடுத்த மணி அடிச்சிடும். அப்புறம்தான் பலகையப் பாப்பான், தப்பவே மாட்டான். எல்லாம் சரியாப் போச்சு. ஆகா, சரி பண்ணிட்டோம்னு வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கினேன்… அப்புறம் அந்த வரிய எடுத்துட்டேன்… ஏனா? பெரிய ஆளுங்க வந்து பாப்பாங்களே, ‘வந்துட்டேன் முதலாளி’ன்னு இருந்தா மானம் போகுமேன்னு! … சிரி. நல்லா சிரி. எல்லாம் முடிஞ்சப்புறம் சேந்து சிரிக்கலாம்னு இருந்தேன், நீ முந்திட்ட.

… திரும்பப் போடுறதா? போட்டா இன்னிக்கு ஓடும். எங்க முதலாளியும் அதையேதான் சொல்றாரு. ஆனா அது வைத்தியம் இல்ல மச்சான், குருட்டு அதிர்ஷ்டம். நம்ம ஊர் சர்ச்சுல இருக்குற புனித ரீட்டா அம்மா முடியாத காரியத்தையெல்லாம் முடிச்சுக் குடுப்பா, சரி. என் ப்ரோகிராமையுமா அவ தலையில கட்டுறது? பாக்குறதும் படுக்குறதும் ஒரே வேலையா இருக்கணும், நடுவுல எவனும் நுழையக் கூடாது. ‘நான் படுக்கப் போறேன், யாராவது கூப்பிட்டீங்களா’ன்னு கேட்டுட்டுப் படுக்கணும். அவ்வளவுதான். அத எழுதாம விட்டுட்டு மூணு வாரம் மெஷின முறைச்சுப் பாத்துட்டிருந்தேன்.

சரி, பேச்சு போதும். நீ போய் பைய எடு. நான் இப்பவே கிளம்பி வந்து உன்கூட உக்காந்து பொறுக்குறேன்… போனக் கையிலயே வெச்சுட்டு நட… ம்… ம்…

என்னது, இல்லையா? … பெஞ்சுல இல்லையா? … அடியில பாரு… நாய் இழுத்துட்டுப் போயிருக்குமோ? … ‘இப்பத்தானே பாத்தேன்’னா? மச்சான், அத மட்டும் சொல்லாத! … வாசல்ல கார் தடமா? … யாரு…

ஐயையோ. மார்லூசி. நான்தான் காலையில சொன்னேன். பள்ளிக்கூடம் விட்டு அந்தப் பக்கமாத்தானே வருவ, பெஞ்சுல பை இருந்தா எடுத்துட்டுப் போய் சங்கத்துல குடுத்துடுன்னு… உன்கிட்ட ஏன் சொல்லலையா? சொல்லத்தான் போன எடுத்தேன், நீ கறுப்புன்னு ஆரம்பிச்ச, மறந்தே போச்சு! … நீ பின்னால களத்துல நின்னு கத்திட்டிருந்த, நான் இங்க உக்காந்து கதாகாலட்சேபம் பண்ணிட்டிருந்தேன், அவ பாட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டா. சங்கம் உன் வீட்டுக்குக் கூப்பிடு தூரம். இந்நேரம் குடுத்திருப்பா… போச்சு. மேடு போச்சு. மணி அடிச்சுது மச்சான், ரெண்டு தடவ அடிச்சுது. நான்தான் ரொட்டின்னு நெனச்சு…

இதோ! இதோ மறுபடியும் அவதான்! நீ வெக்காத, அப்படியே இரு…

மார்லூசி! எங்க இருக்க? … சங்கத்துலயா? … குடுத்துட்டியா? … என்னது? … குடுக்கலையா! … ஏன்? … என்னக் கேக்காம எப்படிக் குடுக்குறதுன்னு உக்காந்திருக்கியா? … தாயே! … இல்ல, அழல… அழலம்மா, சளி. பைய மடியிலயே வெச்சுக்க. அவங்ககிட்ட ஒரு தட்டு கேளு. யார் கேட்டாலும் குடுக்காத. நான் ஓடி வரேன், உன் அண்ணனும் வரான், மூணு பேரும் உக்காந்து பொறுக்குவோம்…

… என்ன? … இத்தனை தடவ கூப்பிட்டேனே, ஏன் எடுக்கலையா? … அது… உன் அண்ணனுக்கு ஒரு விஷயம் விளக்கிட்டிருந்தேன்… என்ன விஷயமா? … கூப்பிட்டா எழுந்திரிக்காத ஒரு வேலைக்காரனப் பத்தி…

ஹலோ? … மார்லூசி? … ஹலோ?