ஓரத்து எண்கள்

ஒளி பொய் சொல்லாது. எங்கள் புகைப்படச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில், செயலாளர் என்ற முறையில் நான் எழுதிய முதல் வரி அது. பக்கத்திலிருந்த படத்தைத் தலைகீழாக அச்சடித்திருந்தார்கள். உறுப்பினர்களில் ஒருவரும் கவனிக்கவில்லை.

ஸ்டேஷனிலிருந்து நீங்கள் கேமரா மெக்கானிக்கைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஃபிலிம் கழுவும் மருந்து சிந்தியிருக்கிறது.

அவரை எனக்குப் பிடிக்காது. நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு எண்ணெய். லென்சை 'ஹா' என்று வாயால் ஊதித் துடைப்பார். வெங்காய வாடை வரும். அதே வாயால் 'சார், சார்' என்பார். குமட்டும். ஆனாலும் எங்கள் நாற்பது பேரின் கேமராவும் அந்தக் கையில்தான். அவர் வீட்டில் உலை கொதித்ததும் அதனால்தான்.

என்னுடையது அகல ஃபிலிம் போடும் பழைய கேமரா. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். ஷட்டர் திக்கியது, அவர் பழுது பார்த்துக் கொடுத்தார். சோதனைக்காக ஒரு ரோல் முழுக்க மனைவியைப் படமெடுத்து, வழக்கம்போலக் குளியலறையில் நானே கழுவினேன். வீட்டில் ஃபிலிம் கழுவுவது எப்படி என்று சங்கத்தில் வகுப்பெடுப்பவனும் நான்தான். முதலில் படத்தை வரவழைக்கும் டெவலப்பர், அப்புறம் அதை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர். மாற்றி ஊற்றினால் படம் தோன்றுவதற்கு முன்பே கரைந்துபோகும். என் வகுப்பின் முதல் பாடமே அது.

மாற்றி ஊற்றியிருந்தேன்.

ரோல் வெறுமையாக வந்தது. மனைவி தூக்கிப் பார்த்தாள். "பரவாயில்லைங்க, இந்தத் தடவை நான் குண்டா தெரியல" என்றாள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஃபிலிமின் ஓரத்தில் கம்பெனிக்காரர்களே எண்களைப் பதித்து அனுப்புவார்கள். கழுவும்போது அவை தெரிய வரும். கேமரா கெட்டிருந்தால் படம் இருக்காது, எண் இருக்கும். கழுவியவன் கெடுத்தால் எண்ணும் இருக்காது. என் ரோலில் எண் இல்லை. கத்தரிக்கோலை எடுத்து இரண்டு ஓரத்தையும் வெட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மிச்சத்தை வெளிச்சத்தில் பிடித்து, "ஷட்டர் திறக்கவே இல்லை" என்றேன். தலைவர் நெற்றியைச் சுருக்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, "கான்ட்ராஸ்ட்டும் கொஞ்சம் கம்மி" என்றார். அந்த வாரமே ஆளாளுக்குப் போய்த் தங்கள் கேமராவைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

மெக்கானிக் என் வீட்டுக்கு வந்தார்.

"ஓரத்த ஏன் சார் வெட்டிட்டீங்க? நம்பர் இருந்தா என்னன்னு பாத்திருக்கலாமே."

"கவர்ல நுழையல."

நம்பிவிட்டார். எண்ணெய் நகத்தைவிட அந்த நம்பிக்கை எனக்கு அருவருப்பாக இருந்தது. கேமராவைக் கேட்டு வாங்கிப்போனார். இரண்டு நாளில் ஒரு ரோலோடு வந்து நின்றார்.

"நானே எடுத்தேன் சார். நானே கழுவுனா உங்க ஆளுங்க நம்ப மாட்டாங்க. உங்க கையாலயே கழுவுங்க. ஓரத்த மட்டும் விட்டுருங்க."

மிகுந்த கவனத்துடன் கழுவினேன். பன்னிரண்டு படம். கடை வாசலில் அவர் மனைவி உட்கார்ந்திருக்கிறார், பின்னால் காலி அலமாரி. கண்ணிமை முடியை எண்ணிவிடலாம். அப்பழுக்கில்லாத வேலை. அதைச் சுருட்டி ஒரு மாத்திரை டப்பாவில் போட்டேன். பிறகு அதே கம்பெனியின் புது ரோல் ஒன்றை, கேமராவையே பார்க்காததை, முறைப்படி கழுவி உலர்த்தினேன். ஓரத்தில் எண்கள் பளிச்சென்று வந்தன. நடுவில் ஒன்றுமில்லை.

அதை அவரிடம் கொடுத்தேன். பூதக்கண்ணாடி வைத்து, ஒவ்வொரு எண்ணாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"கழுவுனது சரிதான் சார். ஷட்டர் தொறக்கறத நான் கண்ணால பாத்தேன். ஃபிலிம் இல்லங்குது. அப்ப என் கண்ணுதான் போயிருச்சு." வாசல்வரை போனவர் திரும்பி, "உங்க மேல சந்தேகப்பட்டுட்டேன், மன்னிச்சுக்கங்க" என்றார். அவர் குடித்த டம்ளரைத் தனியாக எடுத்துவைக்கச் சொன்னேன்.

கடைக்குள் போய் உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் கதவை உடைத்துத்தான் உடலை எடுத்தார்கள். திருப்புளிகளை அளவுவாரியாக அடுக்கி, மேலே 'சாருக்கு' என்று ஒரு சீட்டு வைத்திருந்தாராம். அதனால்தானே நீங்கள் என்னிடம் வந்தீர்கள்?

மாத்திரை டப்பா மேசை இழுப்பறையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஆளைத் தொடவில்லை. ஒரு ரோலுக்குப் பதில் இன்னொரு ரோலைக் கொடுத்தேன், அவ்வளவுதான். செயலாளரே மருந்தை மாற்றி ஊற்றினார் என்று தெரிந்தால் சங்கத்தை யார் மதிப்பார்கள்? ஒரு அமைப்பைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

முதல் ரோலில் பாட்டில் எப்படி மாறியது என்பதை மட்டும் எழுதாமல் விட்டால் நல்லது. இரண்டிலும் பெயர் ஒட்டியிருந்தது, என் கையெழுத்துதான். எனக்கு வெள்ளெழுத்து வந்து நான்கு வருஷமாகிறது. கண்ணாடி போட்டால் வயதாகத் தெரிகிறேன்.