பதினான்காம் விதி

விருதுநகர் பஜாரில் நல்ல மணி கிடைப்பதில்லை. ஏழெட்டுக் கடை ஏறி இறங்கிவிட்டேன். மேசை மணிதான் இருக்கிறது என்பார்கள். தட்டினால் டிங் என்று ஒரு சத்தம் வந்து அப்படியே அடங்கிவிடும். பேசுகிறவர் காதில் விழுந்தால்தானே நிறுத்துவார். கடைசியில் மதுரைக்குப் போய், கோயிலுக்கும் சர்ச்சுக்கும் சாமான் விற்கும் ஒரு கடையில் பித்தளைக் கைமணி வாங்கினேன். ஆட்டினால் மண்டபத்தின் கடைசி வரிசை வரை கேட்கும். நீங்கள் கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில் அதை மேசை மணி என்று எழுதியிருக்கிறார்கள். திருத்திக்கொண்டால் நல்லது.

விசாரணைக்காக எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். என் பெயர் தேவாசீர்வாதம். சாத்தூரில் முப்பத்தொரு வருடம் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வைப்பாற்று விவாதக் கழகத்தின் செயலாளர். தலைமை நடுவரும் நானே.

நம் ஊரில் விவாதம் என்றால் பட்டிமன்றம். நாலு ஜோக், மனைவியைப் பற்றி ரெண்டு கிண்டல், நடுவில் ஒரு பாட்டு. கடைசியில் நடுவர் எழுந்து இரண்டு கட்சியும் சரிதான் என்று சொல்லி, பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கார் ஏறிவிடுவார். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். விவாதம் என்றால் ஒருவர் ஜெயிக்க வேண்டும், ஒருவர் தோற்க வேண்டும், ஏன் என்று எண்ணில் காட்ட வேண்டும். இதற்காகத்தான் கழகத்தைத் தொடங்கினேன்.

பன்னிரண்டு வருடமாகத் தொண்டை வறளச் சொல்கிறேன். தலைப்புக்குள் நில். எதிரணி சொன்னதற்குப் பதில் சொல். மணி அடித்தால் உட்கார். பிள்ளைகள்கூடக் கேட்டுவிடுவார்கள், பெற்றவர்கள் கேட்க மாட்டார்கள். எம்புள்ளைக்கு இன்னும் ரெண்டு நிமிசம் குடுங்க சார் என்று மேடைக்கே வந்துவிடுவார்கள். மாநிலப் போட்டியை எங்கள் மாவட்டத்தில் நடத்தத் தரும்படி வருடாவருடம் சென்னையிலுள்ள போட்டிக் குழுவுக்கு எழுதுவேன். வருடாவருடம் வேறு ஊருக்குக் கொடுப்பார்கள். உங்கள் பகுதியில் அரங்க ஒழுங்கு போதாது என்று ஒரு முறை பதில் வந்தது. அந்தக் கடிதத்தை நான் கிழித்துப் போடவில்லை. தினமும் கண்ணில் படட்டும் என்று மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன்.

இந்த வருடம்தான் நேரில் பார்த்து முடிவு செய்ய ஒரு பார்வையாளரை அனுப்பினார்கள். இறுதிப் போட்டி. பட்டாசு ஆலை விபத்துகளுக்குத் தொழிலாளரின் கவனக்குறைவே காரணம் என்பது தலைப்பு. மறுத்துப் பேசிய அணிக்கு ஸ்ரீமதி தலைவி. எம். புதுப்பட்டிப் பெண், பிளஸ் டூ படிப்பவள். மூன்று வருடம் நான் பயிற்சி கொடுத்தவள். இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான பேச்சாளர் அவள்தான் என்று சொல்வேன். முன்வரிசையில் கழகத்தின் புரவலர் நவநீதகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார்; அவருடைய பட்டாசு ஆலை புதுப்பட்டிப் பக்கம் இருக்கிறது. அவருக்கு ஒரு பக்கம் தாசில்தார். மறு பக்கம் நோட்டுப் புத்தகத்தோடு பார்வையாளர்.

கடைசி மறுமொழிச் சுற்று. நான்கு நிமிடம். மூன்றாவது நிமிடம் முடிகிறபோது ஸ்ரீமதி கையிலிருந்த காகிதத்தை மேடை மேசையில் வைத்தாள். மேடைத் தமிழை விட்டுவிட்டு வீட்டில் பேசுகிற மாதிரி பேசத் தொடங்கினாள்.

"இம்புட்டு நேரம் பழைய கதையச் சொன்னேன். இப்ப நடக்குறதச் சொல்லுதேன். நாலு பேர் உக்கார வேண்டிய ரூம்ல பதினோரு பேர் உக்காந்து மருந்து அடைக்காக. பின்வாசல்ல அட்டப்பெட்டிய அடுக்கி வழிய அடைச்சு வச்சிருக்காக. எங்கம்மாவும் அங்கனதான் இருக்கு. அந்தக் கம்பெனி பேரு..."

நான் மணியை எடுத்தேன். அவளுக்கு இன்னும் அரை நிமிடம் பாக்கி இருந்தது. அவள் உட்காரும்வரை ஆட்டினேன். பெயர் யார் காதிலும் விழவில்லை. நல்ல மணி என்று சொன்னேன் அல்லவா. மறுமொழிச் சுற்றில் புதிய செய்தி சேர்க்கக் கூடாது என்று மைக்கில் அறிவித்தேன். ஆதாரம் காட்டவில்லை என்று எட்டு மதிப்பெண் குறைத்தேன். ஐந்து மதிப்பெண்ணில் அவள் அணி தோற்றது. பார்வையாளர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு கட்டுப்பாட்டை வேறெங்கும் பார்த்ததில்லை என்றார்.

ஒவ்வொரு போட்டி முடிந்ததும் மேடையில் வந்த நல்ல கருத்துகளைத் தொகுத்துக் கலெக்டர் அலுவலகத்துக்கு அனுப்புவது எங்கள் கழகத்தின் வழக்கம். யாரும் படிக்கிறார்களா என்று தெரியாது, நான் அனுப்பிவிடுவேன். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது ஸ்ரீமதி ஒரு தாளோடு வந்தாள். கம்பெனி பெயர், அறை எண், பதினோரு பேரின் பெயர் எல்லாம் அதில் இருந்தன. தோற்றதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"சார், நீங்க அனுப்புற தொகுப்புல இதையும் சேத்துருங்க. நாங்க குடுத்தா அம்மாவ வேலைய விட்டு நிப்பாட்டிருவாக. கழகத்துப் பேர்ல போனா யாரு சொன்னதுன்னு தெரியாதுல்லா."

சரி என்றேன். தொகுப்பு மறுநாளே போனது. அந்தத் தாள் போகவில்லை. விதிமீறல் என்று நானே தள்ளிய செய்தியை நானே எப்படிச் சேர்ப்பது? முன்னுக்குப் பின் முரணாகிவிடும். மேலும் சென்னையிலிருந்து முடிவு வரவேண்டியிருந்தது. வந்தபின் தனியாக அனுப்பிக்கொள்ளலாம் என்று மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். பத்தாம் நாள் கடிதம் வந்தது. மாநிலப் போட்டி எங்களுக்கு. அதன்பின் மண்டபம் பிடிப்பது, வருகிற பிள்ளைகள் தங்க இடம் பார்ப்பது என்று இரண்டு நாள் ஓடிவிட்டது. பன்னிரண்டாம் நாள் காலை பத்தே முக்காலுக்கு அந்த அறை வெடித்தது. ஏழு பேர். ஸ்ரீமதியின் அம்மா பொன்னுத்தங்கம் பின்வாசல் பக்கம் கிடந்தார் என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து அவள் என் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எந்த விதிப்படி சார் மணி அடிச்சீக? எனக்குக் காட்டுங்க."

இத்தனை வருடத்தில் எல்லோரும் கூடுதல் நேரம்தான் கேட்டிருக்கிறார்கள். விதியைக் காட்டு என்று கேட்டது அவள் ஒருத்திதான். நான் பயிற்சி கொடுத்த பெண் அல்லவா, உள்ளுக்குள் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் எங்கள் கையேட்டில் பதின்மூன்று விதிகள்தான்; மறுமொழியில் புதிய செய்தி கூடாது என்பது அதில் இல்லை. உலகமெங்கும் விவாதப் போட்டிகளில் இருக்கும் விதிதான் அது; நான் அச்சில் சேர்க்காமல் விட்டிருந்தேன். சிவகாசிக்குப் போய் அதே அட்டை, அதே வருடம் போட்டு, பதினான்காம் விதியோடு நூறு பிரதி அடித்து வாங்கினேன். பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போனபோது ஒன்றை அவள் கையில் கொடுத்தேன். அவள் அப்பா நாகையா அச்சாபீசில் பைண்டிங் வேலை பார்ப்பவர். அது எனக்குத் தோன்றவில்லை. அவள் விதியைப் படித்தாள். பிறகு புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோனாள்.

"மை வாசன இன்னும் போகலயே சார்."

அந்தப் பிரதிதான் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது.

பார்வையாளர் வராத ஒரு நாளாக இருந்தால் மணியை ஆட்டியிருப்பீர்களா என்று கேட்டீர்கள். ஆட்டியிருக்க மாட்டேன். அவள் சொன்னதை நம்பவில்லையா என்றும் கேட்டீர்கள். அதையும் எழுதிவிடுகிறேன். போட்டிக்கு நான்கு நாள் முன்பு அழைப்பிதழ் கொடுக்க நவநீதகிருஷ்ணனின் ஆலைக்குப் போயிருந்தேன். மருந்து அறைக்குள் செருப்போடு போகக் கூடாது, வாசலில் கழற்றிப் போட்டிருந்தார்கள். மதிப்பெண் போட்டுப் போட்டு எதைப் பார்த்தாலும் எண்ணுகிற பழக்கம் எனக்கு. பதினோரு ஜோடி இருந்தது. அட்டைப்பெட்டிகளையும் பார்த்தேன். மேடையில் அவள் வாயைத் திறந்தபோது எந்த அறையைச் சொல்லப்போகிறாள் என்று அந்த மண்டபத்தில் அவளையும் நவநீதகிருஷ்ணனையும் விட்டால் தெரிந்தவன் நான்தான். தெரிந்துதான் ஆட்டினேன்.

ஸ்ரீமதி இப்போது யாரோடும் பேசுவதில்லை என்கிறார்கள். வருத்தமாக இருக்கிறது. மாநிலப் போட்டிக்கு அவள் பெயரைத்தான் முதலில் எழுதி வைத்திருந்தேன்.

ஆதாரம் இல்லை என்று குறைத்த அந்த எட்டு மதிப்பெண்ணைப் பற்றி நான் யோசிக்காமல் இல்லை. பன்னிரண்டாம் நாள் ஆதாரம் வந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு முறை அறிவித்த முடிவை எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது என்பது எங்கள் ஆறாம் விதி. கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். அது முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது.